எதிராளி என்ன விலை?

காலை ஆறரை மணிக்கு நாகர்கோவிலிலிருந்து அக்காவின் போன். அந்த நேரத்தில் வரும் போன் பெரும்பாலும் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். இது அதற்கு ஒரு படி கீழே. "உன் மருமகன் காசு வச்சு வெளையாடுதானாம். ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு நீ என்னத்தப் பாத்த?"

மருமகன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். கழக்கூட்டத்தில் நண்பர்களோடு வாடகை வீடு. வார இறுதியில் ஊருக்குப் போனவனின் லேப்டாப் திரையில் டாலர் குறி, பீரங்கிப் படம், 'வாங்கு' என்ற பொத்தான் மூன்றையும் ஒன்றாகப் பார்த்துவிட்டாள் அக்கா. அவள் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தையும் சீட்டுப் பணத்தையும் தொலைத்துவிட்டு உயிரை விட்டவர்களைப் பற்றிய செய்திகளைப் படித்துப் படித்து வந்த பயம் அது. தமிழக சட்டமன்றம் 2022 அக்டோபரில் ஒரு முறையும், கவர்னர் திருப்பி அனுப்பியதால் 2023 மார்ச்சில் இன்னொரு முறையும் அதற்கு எதிராகச் சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை போட்டது.

ஆனால் மருமகன் காசு வைத்து ஆடவில்லை. காசு கொடுத்து ஆடப் பார்த்தான். தமிழில் ஒரே ஒரு வினையெச்சம்தான் வித்தியாசம். எம்.ஏ. தமிழ் படித்ததற்கு இப்படியும் ஒரு பலன் உண்டு. அக்காவிடம் அதை விளக்க இருபது நிமிஷம் ஆனது. "சினிமாவுக்கு டிக்கெட் எடுக்கிற மாதிரி" என்று சொன்ன பிறகு சமாதானமானாள். உடனே அடுத்த கேள்வி: "டிக்கெட் எவ்வளவு?"

அங்கேதான் விஷயம். அவன் வாங்க நினைத்தது 'வேர்ல்ட் இன் ஃப்ளேம்ஸ்' என்ற ஆட்டம். இரண்டாம் உலகப் போரை முழுதாக, இரண்டு அரைக்கோளங்களிலும், கப்பல் விமானம் தொழிற்சாலை சகிதம் நடத்துகிற ஆட்டம். 1985ல் ஆஸ்திரேலியாவில் அட்டைப் பெட்டியில் வந்தது. 2013 நவம்பரில் கம்ப்யூட்டருக்கு வந்தபோது விலை சுமார் 100 டாலர். "மாமா, இது அந்த விலைக்குப் பெறுமா?" என்று என்னிடம் ஏற்கனவே கேட்டிருந்தான். இந்த வகை ஆட்டங்களில் எனக்குப் பத்து வருடப் பழக்கம் உண்டு. வீட்டில் அதை யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

போர் விளையாட்டு என்றதும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே ஓடும் வீடியோ கேம் என்று நினைக்க வேண்டாம். இது உட்கார்ந்து யோசிக்கும் ஆட்டம். வரைபடத்தின் மேல் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். விரல் நகம் அளவுக்கு அட்டைச் சில்லுகள். ஒரு சில்லு ஒரு படைப்பிரிவு. அதன் மேல் இரண்டு மூன்று எண்கள்: எவ்வளவு பலம், எத்தனை கட்டம் நகரும். மோதலின் முடிவைப் பகடையும் ஒரு அட்டவணையும் சொல்லும். சார்லஸ் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1954ல் 'டாக்டிக்ஸ்' என்ற ஆட்டத்தை விற்கத் தொடங்கியதிலிருந்து இது ஒரு தொழில். அவர் தொடங்கிய அவலான் ஹில் கம்பெனி நாற்பது வருடம் அமெரிக்கப் பையன்களுக்கு நெப்போலியனையும் ரோமலையும் விற்றது. 1998ல் ஹாஸ்ப்ரோ கைக்குப் போனது.

அதற்கு முன்னால் பிரஷ்யா. 1824ல் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி 'க்ரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தைத் தன் ராணுவத்துக்குக் கொடுத்தார். அதில் இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு நடுவர் உண்டு. எதிரி எங்கே இருக்கிறான் என்பது முழுதாகத் தெரிந்தவர் அவர் மட்டும்தான். யார் எவ்வளவு பேரை இழந்தார்கள் என்று பகடை போட்டு, அட்டவணை பார்த்துக் கணக்குச் சொல்வதும் அவரே. இந்த நடுவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படுவார்.

அதற்கும் முன்னால் நாம். சதுரங்கம் என்றாலே யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு அங்கப் படை. சுமார் ஆறாம் நூற்றாண்டில் வட இந்தியாவில் பிறந்து பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பாவுக்குப் போய், போன இடத்திலெல்லாம் பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. மலையாளத்திலிருந்து தமிழுக்கு. அதனால் எனக்கு இந்தப் பெயர் மாற்றம் ஆட்டத்தைவிட ருசியானது. மலையாளி இன்னும் பழைய படையை வைத்துத்தான் ஆடுகிறான். மூலையில் நிற்பது அவனுக்குத் தேர். குறுக்கே போவது ஆன. ராஜாவுக்குப் பக்கத்தில் இருப்பது மந்திரி. தமிழனுக்கு மூலையில் நிற்பது கோட்டை, சிலருக்கு யானை. குறுக்கே போவது மந்திரி. ராஜாவுக்குப் பக்கத்தில் ராணி. ஆக, ஒரே பலகையில் தமிழன் "மந்திரி போச்சு" என்று சாதாரணமாகச் சொன்னால், எதிரே இருக்கும் மலையாளி ஆட்டமே முடிந்தது என்று துள்ளுவான்.

இந்தக் குழப்பத்தை நான் கற்பனையில் சொல்லவில்லை. வலியசாலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் பல தடவை கண்டது. வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த நாஞ்சில் நாட்டு அண்ணாச்சி. எதிரே உட்காருபவர் ஓய்வு பெற்ற மலையாளி கணக்கு வாத்தியார். ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் 'சார்'. இருபது வருடம் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை ஆட்டம். பெயர்ச் சண்டை முதல் வருடத்திலேயே தீர்ந்துவிட்டது. திண்ணைக்கு மேலே மலையாளப் பெயர், திண்ணையை விட்டு இறங்கினால் அவரவர் பெயர் என்று ஒப்பந்தம். மொழிவாரி மாநிலப் பிரிவினை இவ்வளவு சுமுகமாக நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொரோனா வந்தது. சாரை மகள் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அண்ணாச்சியின் மகன் வெளிநாட்டிலிருந்து அப்பாவுக்கு ஒரு லேப்டாப்பும், அதில் காசு கொடுத்து வாங்கிய செஸ் மென்பொருள் ஒன்றும் அனுப்பி வைத்தான். பளபளவென்று முப்பரிமாணக் காய்கள். தேக்கு மரப் பலகை, பளிங்குப் பலகை, எது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முதல் வாரம் தினமும் தோற்றார். இரண்டாவது வாரம் நான் போய் அதன் பலத்தைக் குறைத்து வைத்தேன். பிறகு அண்ணாச்சி ஜெயிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி?"

"தம்பி, அது வெளையாட்டுல தோக்கல. எனக்குத் தோத்துக் குடுக்கு. பத்து நகர்த்தல் மகாராஜா மாதிரி வெளையாடுது. பதினொண்ணாவதுல மந்திரியக் கொண்டு வந்து சும்மா வைக்கி. பிச்சக்காரனுக்குப் போடுத மாதிரி."

செஸ் மென்பொருளைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. பலம் குறைத்த இயந்திரம் மனிதனைப் போல் தப்பு செய்யாது. மனிதன் தப்பு செய்வதற்கு ஒரு காரணம் இருக்கும்: ஆசை, பயம், பார்க்காமல் விட்டது. இயந்திரம் தப்பு செய்வதற்கு அப்படிச் சொல்லியிருப்பதுதான் காரணம்.

இவ்வளவுக்கும் செஸ்ஸில்தான் கம்ப்யூட்டர் எதிராளி உச்சத்தில் இருக்கிறது. 1997 மே மாதம் ஐ.பி.எம்.மின் டீப் ப்ளூ காஸ்பரோவை வீழ்த்தியபோது அது அலமாரி அலமாரியாக நின்ற இயந்திரம். இன்று உலக சாம்பியனையும் சுலபமாகத் தோற்கடிக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற மென்பொருள் சாதாரண போனில் ஓடுகிறது. விலை? ஒன்றுமில்லை. 2008ல் தொடங்கி உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய திறந்த மூல மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஒரே நிபந்தனை: எதிலிருந்து எடுத்தீர்கள் என்று சொல்ல வேண்டும், மாற்றிய நிரலை வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு நிஜ வழக்கு இருக்கிறது. 'இதற்குக் காசு கொடுக்கலாமா' என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அதைத்தான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து செஸ்பேஸ் கம்பெனி 2021 பிப்ரவரியில் 'ஃபேட் ஃப்ரிட்ஸ் 2' என்ற செஸ் மென்பொருளை வெளியிட்டது. விலை 99.90 யூரோ. பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே ஸ்டாக்ஃபிஷ் இருப்பதைக் கண்டார்கள். மாறியிருந்தது முக்கியமாக, நிலையை மதிப்பிடும் நரம்பு வலைப் பகுதி. அந்த ஆண்டு ஜூலையில் ஸ்டாக்ஃபிஷ் எழுதியவர்கள் ம்யூனிக்கில் வழக்குப் போட்டார்கள். 2022 நவம்பரில் சமரசம். ஸ்டாக்ஃபிஷ் நிரலை வைத்த பொருள்களை ஒரு வருடம் விற்பதில்லை என்றும், திறந்த மூல நிபந்தனைகள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்க ஒரு ஆளை நியமிப்பதாகவும் செஸ்பேஸ் ஒப்புக்கொண்டது. அதே கம்பெனியின் ஆட்டத் தொகுப்பும், அதைத் தேடி அலசும் கருவியும் ஆனந்த் காலத்திலிருந்து உலகத்து வீரர்கள் எல்லோரும் காசு கொடுத்து வாங்குபவை. அவற்றுக்குக் கொடுத்த காசை யாரும் குறை சொல்லவில்லை. தொகுப்பு உழைப்பு, அதற்கு விலை உண்டு. எதிராளி ஏற்கனவே இலவசம். அவனை வேறு சட்டையில் நிறுத்தி நூறு யூரோ கேட்டதில்தான் வம்பு.

செஸ்ஸில் காசு எங்கே போக வேண்டும் என்பதற்கு சென்னையிலேயே உதாரணம் உண்டு. 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ், வளரும் காலத்தில் 2500 புள்ளியைத் தொடும் வரை செஸ் எஞ்சினையே தொடவில்லை. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் யோசனை அது. அந்தக் குடும்பம் செலவழித்தது வாத்தியாருக்கும் ரயில், விமான டிக்கெட்டுக்கும். அதாவது மனிதர்களுக்கும், மனிதர்களிடம் போய்ச் சேருவதற்கும்.

சரி, மருமகனின் 100 டாலருக்கு வருகிறேன்.

அட்டை ஆட்டத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதும் ஒரு மொழிபெயர்ப்புதான். அதில் மூன்று பொருள்களை விற்கலாம். பலகை, நடுவர், எதிராளி. விளம்பரம் எப்போதும் பலகையைக் காட்டும். புகை, தீ, அலையடிக்கும் கடல். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. 'வாஸல்' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. நூற்றுக்கணக்கான அட்டைப் போர் விளையாட்டுகளின் வரைபடமும் சில்லுகளும் அதில் கிடைக்கும். இரண்டு பேர் இரண்டு ஊரில் உட்கார்ந்து ஒரே பலகையில் ஆடலாம். அல்லது நகர்த்தியதைச் சேமித்து மின்னஞ்சலில் அனுப்பலாம். ஆனால் வாஸலுக்கு விதி தெரியாது. டாங்கியைக் கடலில் கொண்டு போய் வைத்தாலும் சும்மா இருக்கும். விதி தெரிந்த இருவருக்கு அது போதும். என் பத்து வருடத்தில் பாதி அதில்தான் கழிந்தது, ஒரு பைசா செலவில்லாமல்.

அடுத்தது நடுவர். பிரஷ்யாவில் விட்டுவிட்டு வந்தோமே, அவர். இந்த ஆட்டங்களின் விதிப்புத்தகம் முப்பது பக்கம் என்றால் எளிய ஆட்டம். வேர்ல்ட் இன் ஃப்ளேம்ஸின் விதிகளை எங்கள் அரசுத் துறைகளின் நடத்தை விதிகளோடு ஒப்பிடலாம். மழை பெய்தால் விமானம் பறக்குமா, எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தக் கடல் வழியாக எண்ணெய் வரும், வழியில் நீர்மூழ்கி இருந்தால் என்ன ஆகும், எல்லாவற்றுக்கும் பிரிவும் உட்பிரிவும் உண்டு. ஆயிரக்கணக்கான சில்லுகள். சாப்பாட்டு மேஜை பத்தாது. கல்யாண மண்டபம் வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் நேசநாடுகளின் கதி அதோ கதி. இத்தகைய ஆட்டத்தில் கணக்கை எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றால், அதற்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. குமாஸ்தா சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மூன்றாவது? வேர்ல்ட் இன் ஃப்ளேம்ஸ் வெளிவந்தபோது அதில் கம்ப்யூட்டர் எதிராளி கிடையாது. பல வருடம் தாமதமாகி வந்தும் கிடையாது. நீங்கள் ஹிட்லராக ஆடிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு சர்ச்சிலாகவும் ஆடலாம். அல்லது இன்னொரு மனிதனைத் தேட வேண்டும், அவனும் அதே விலையைக் கொடுத்து வாங்கியிருக்க வேண்டும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். செஸ்ஸில் ஒரு முறைக்கு ஒரு காயைத்தான் நகர்த்துவோம். சராசரியாக முப்பத்தைந்து வழி இருக்கும். போர் விளையாட்டில் ஒரே முறையில் நூறு சில்லுகளையும் நகர்த்தலாம், ஒவ்வொன்றுக்கும் பத்து கட்டம், எந்த வரிசையிலும். நடுவில் பகடை. மேலே மூடுபனி. வழிகளைத் தேடித் தேடிப் பார்க்கிற ஸ்டாக்ஃபிஷ் முறை இங்கே மூச்சுத் திணறிவிடும். போதாக்குறைக்கு வாங்குகிறவர்கள் உலகம் முழுக்கச் சில ஆயிரம் பேர். செஸ்ஸுக்குக் கிடைத்த ஆராய்ச்சிப் பட்டாளம் இதற்குக் கிடைக்காது. அதனால்தான் பெரிய போர் ஆட்டங்களில் கம்ப்யூட்டர் எதிராளி ஒன்று இருக்காது, இருந்தால் அண்ணாச்சி சொன்ன பிச்சை போடும் ரகமாக இருக்கும்.

அப்படியானால் எதற்குத்தான் கொடுக்கலாம்? மருமகனுக்கு நான் சொன்னது 'ட்வைலைட் ஸ்ட்ரகிள்'. 2005ல் ஜி.எம்.டி. கேம்ஸ் வெளியிட்ட அட்டை ஆட்டம். அனந்த குப்தா, ஜேசன் மேத்யூஸ் இருவரும் உருவாக்கியது. அமெரிக்கா ஒரு பக்கம், சோவியத் யூனியன் மறு பக்கம், 1945 முதல் 1989 வரை பனிப்போர். 2016ல் ப்ளேடெக் என்ற கம்பெனி இதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. இறக்குமதியாகி வரும் அட்டைப் பெட்டிக்கு நம் ஊரில் ஆகும் செலவில் இது ஒரு சிறு பகுதிதான்.

இதில் கையில் இருக்கும் ஒவ்வொரு சீட்டும் ஒரு சரித்திர நிகழ்ச்சி. அதை எண்ணுக்காகவும் பயன்படுத்தலாம், நிகழ்ச்சிக்காகவும் பயன்படுத்தலாம். ஆனால் எதிரிக்குச் சாதகமான சீட்டை எண்ணுக்காகப் போட்டால் அந்த நிகழ்ச்சியும் நடந்தே தீரும். எனவே கைநிறையக் கெட்ட செய்தியை வைத்துக்கொண்டு, எதை எப்போது வெளியே விட்டால் சேதம் குறைவு என்று யோசிப்பதுதான் ஆட்டம். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

வரைபடத்தில் இந்தியா முக்கிய நாடு, பாகிஸ்தானும் அப்படியே. 'இந்திய - பாகிஸ்தான் போர்' என்றே ஒரு சீட்டு உண்டு. யார் போட்டாலும் ஒரு பகடை உருட்டல். நான்கு அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. பக்கத்து நாடுகள் எதிரி கையில் இருந்தால் எண்ணில் குறையும். 1965ஐயும் 1971ஐயும் செய்தியாகப் படித்த தலைமுறை இதைப் பார்த்தால் முகம் சுளிக்கும். நானும் முதல் முறை சுளித்தேன். வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நம் போர்கள் அப்படித்தான் தெரிந்திருக்கும் என்று பிறகு தோன்றியது.

இந்தக் கம்ப்யூட்டர் வடிவத்தில் எனக்குப் பிடித்தது, நடுவர் கணக்கைச் செய்கிறார், ஆனால் மறைப்பதில்லை. ஒரு நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்த வேண்டும் என்றால், சீட்டின் எண்ணும் பகடையும் சேர்ந்து அந்த நாட்டின் உறுதி எண்ணின் இரட்டிப்பைத் தாண்ட வேண்டும். இந்தியாவின் உறுதி 3. இரட்டிப்பு 6. கையில் 4 எண் சீட்டு இருந்தால் பகடையில் குறைந்தது 3 விழ வேண்டும். பாகிஸ்தானின் உறுதி 2 மட்டுமே. அதே சீட்டோடு பகடையில் எது விழுந்தாலும் கவிழ்ந்துவிடும். இது ஆடுபவனுக்கு முதலிலேயே தெரிகிறது. தோற்றால் ஏன் தோற்றோம் என்பதும் தெரிகிறது. அட்டையில் ஆடும்போது அட்டவணை நம் கையில் இருக்கும். பல கம்ப்யூட்டர் ஆட்டங்கள் அதை உள்ளே ஒளித்து வைத்துவிட்டு, வெடிச் சத்தத்தோடு "உங்கள் படை அழிந்தது" என்று மட்டும் சொல்லும். மூலத்தில் இருந்த காரணத்தை முழுங்கிவிட்டு வெறும் முடிவை மட்டும் தரும் மொழிபெயர்ப்பு அது. அதற்கு நான் ராயல்டி தர மாட்டேன்.

இதிலும் கம்ப்யூட்டர் எதிராளி சுமார்தான். ஒரு மாதத்தில் அதன் குணம் தெரிந்துவிடும். காசின் பெறுமானம் வேறு இடத்தில்: ஒரு ஊரில் ஒருவர், இன்னொரு ஊரில் ஒருவர், நேரம் கிடைக்கும்போது ஒரு சீட்டு என்று நாள் கணக்கில் ஆடலாம். விதியைப் பற்றிச் சண்டை வராது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அட்டைப் பெட்டியை வாங்கினால் அது உங்கள் சொத்து. பரணில் போடலாம், மருமகனுக்குக் கொடுக்கலாம், பழைய பேப்பர்காரனிடம் போடலாம். ஸ்டீம் போன்ற இணையக் கடையில் வாங்குவது உரிமம் மட்டுமே. 2024ல் கலிஃபோர்னியா சட்டமே போட்டது, 'வாங்கு' என்று எழுதினால் இது உரிமம்தான் என்றும் வெளிப்படையாக எழுத வேண்டும் என்று. எதிராளியிடம் போகும் பாதை கம்பெனியின் சர்வர் வழியாகப் போகிறது; அவர்கள் கடையைச் சாத்தினால் பாதையும் போச்சு. ஸ்டீமில் ஒரு வசதி உண்டு: வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் பணம் திரும்பும். சின்ன ஆட்டங்களைச் சோதிக்க அது போதும். வேர்ல்ட் இன் ஃப்ளேம்ஸ் போன்ற ஒன்றில் இரண்டு மணி நேரத்தில் போலந்து எல்லையைக்கூடத் தாண்ட முடியாது.

நம்மைப் பற்றிய ஆட்டங்கள் இல்லையா என்று கேட்டான் மருமகன். 2019ல் அதே ஜி.எம்.டி. கம்பெனி காந்தியின் பெயரிலேயே ஒன்று வெளியிட்டது: 1917 முதல் 1947 வரை, பிரிட்டிஷ் அரசு, காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர்கள் என நான்கு தரப்பு. போர் விளையாட்டுக்காரர்கள் அகிம்சையை விதிப்புத்தகத்தில் எழுதப் பார்த்தது சுவாரஸ்யமான முயற்சி. துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்காக, எதிர்த் தரப்புகளின் முடிவுகளைச் சொல்லும் சீட்டுக் கட்டு ஒன்று அதில் உண்டு. அதற்கு 'அர்ஜுனா' என்று பெயர். கம்ப்யூட்டரே இல்லாமல் அட்டையில் செய்த எதிராளி. பல விலையுயர்ந்த மென்பொருள்களைவிட அது கெட்டி.

என்னைக் கேட்டால் கொளச்சல் போரை யாராவது செய்ய வேண்டும். 1741. கடலில் டச்சுக்காரர்களின் கப்பல், கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படை. ஒரு பக்கம் துப்பாக்கி நன்றாக இருக்கிறது, ஆள் குறைவு. மறுபக்கம் ஆள் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. சில்லுகள் ஐம்பதுக்கு மேல் தேவைப்படாது, ஒரு சாயங்காலத்தில் ஆடி முடிக்கலாம். பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, 1777ல் இறந்து, தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்டார். தோற்றவனின் சில்லு நிறம் மாறி ஜெயித்தவன் பக்கம் போவதற்கு எந்த விதி எழுதுவார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. அதற்கு நான் கேட்ட விலை தருவேன்.

மருமகன் 100 டாலரைச் செலவழிக்கவில்லை. ட்வைலைட் ஸ்ட்ரகிள் இரண்டு வாங்கினான். ஒன்று எனக்கு. ஓணத்துக்கு மாமா வேட்டி எடுத்துக் கொடுத்தார், அதற்குப் பதில் என்றான். இப்போது நான் மாஸ்கோ, அவன் வாஷிங்டன். வாரத்துக்கு நாலு சீட்டு நகர்கிறது. அவன் கழக்கூட்டத்தில், நான் கரமனையில். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம், ஆனால் இந்த ஆட்டம் தொடங்கும் முன் நாங்கள் மாதக்கணக்கில் பேசிக்கொண்டதில்லை.

அண்ணாச்சிக்கு நான் செய்து கொடுத்தது இதைவிட மலிவு. லீசெஸ் என்று ஒரு இணையதளம். 2010ல் பிரான்ஸில் ஒருவர் தொடங்கியது, விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. அண்ணாச்சியின் லேப்டாப்பையும் பெங்களூரில் சாரின் மகள் வீட்டு டேப்லெட்டையும் அதில் சேர்த்துவிட்டேன். ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் வரை அவகாசம்.

"காசு எங்க கெட்டணும்?"

"கட்ட வேண்டாம் அண்ணாச்சி. இலவசம்."

நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர் நம்பவில்லை. "சும்மா தாறவன் எப்பிடிக் கட நடத்துவான்?" நன்கொடையில் நடக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பம் மாசம் நூறு ரூவா குடுத்துரு. நாளைக்கு அவன் கடையச் சாத்திட்டாம்னா நான் சாரோட எங்க போய் வெளையாடுவேன்?" மாதா மாதம் என் கார்டில் கட்டுகிறேன். ஒன்றாம் தேதி நூறு ரூபாய்த் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிடுவார்.

ஒன்றரை வருடமாக ஆட்டம் நடக்கிறது. சில மாதங்களாக சாரின் நகர்த்தல் மூன்றாவது நாள் கடைசி மணி நேரத்தில்தான் வருகிறது. சாருக்கு மறதி அதிகமாகிவிட்டது, சில நாள் பலகையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், நாங்கள்தான் ஞாபகப்படுத்துகிறோம் என்று மகள் போனில் சொன்னாள். அண்ணாச்சியிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். திண்ணையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். சார் ஆனயைக் கொண்டு வந்து, காப்பு எதுவும் இல்லாமல், அண்ணாச்சியின் குதிரைக்கு நேர் வழியில் வைத்திருந்தார். சின்னப் பையன்கூட வெட்டிவிடுவான். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த ஒரு காலாளை ஒரு கட்டம் நகர்த்தினார்.

"அண்ணாச்சி, ஆன சும்மா நின்னுதே?"

"கவனிக்கல, தம்பி" என்று லேப்டாப்பை மூடினார்.